ஜான் சர்டீஸ்: பட்டறையிலிருந்து எழுந்த உலக சாம்பியன்

மோட்டார் சைக்கிள் பந்தயமும் கார் பந்தயமும் வெளிப்பார்வைக்கு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாகத் தோன்றினாலும், ஒன்றில் உச்சியைத் தொட்டவர் மற்றொன்றிலும் உச்சியைத் தொடுவது ஏறக்குறைய நடவாத காரியம் என்பதை இவ்விரு துறைகளின் உலக சாம்பியன்ஷிப் வரலாறு காட்டுகிறது. மோட்டார் சைக்கிளுக்கான உலக சாம்பியன்ஷிப் 1949-லும், கார்களுக்கானது 1950-லும் தொடங்கின. அன்று முதல் இன்றுவரை, மோட்டார் சைக்கிளின் தலையாய பிரிவாக அந்நாளில் விளங்கிய 500 சிசி வகுப்பிலும், ஒற்றை இருக்கையும் மூடப்படாத சக்கரங்களும் கொண்ட கார்களுக்கான ஃபார்முலா ஒன் பந்தயத்திலும் உலக சாம்பியனாகத் திகழ்ந்தவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் சர்டீஸ் ஒருவரே. அவருடைய வெற்றிகளை எண்ணிக்கையால் அளப்பது எளிது. ஆனால் அந்த வெற்றிகளுக்கும், அவற்றோடு பின்னிப் பிணைந்து வந்த முறிவுகளுக்கும் ஒரே வேர்தான் இருந்தது என்பதே அவர் வாழ்க்கையில் கூர்ந்து கவனிக்கத்தக்கது. தாம் ஓட்டும் வண்டியைத் தம் கையாலேயே பிரித்துப் பார்த்துச் சரிசெய்தாக வேண்டும் என்ற மெக்கானிக்கின் பிடிவாதமே அந்த வேர்.

இவ்விரு பந்தயங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறிதன்று. மோட்டார் சைக்கிளை வளைவில் திருப்புவது பெரும்பாலும் உடலின் சாய்வு. ஓட்டுபவரின் எடையே வண்டியின் சமநிலையில் ஒரு பகுதியாகிவிடுகிறது. காரிலோ ஓட்டுநர் ஓரிடத்தில் அசையாமல் பொருந்தி அமர்ந்திருக்க, நான்கு டயர்களும் சாலையைப் பற்றும் பிடி எந்தக் கணத்தில் நழுவத் தொடங்குகிறது என்பதை ஸ்டீயரிங்கின் வழியாகவும் முதுகின் வழியாகவும் உணர்ந்து, அந்த நழுவலையே கருவியாக்கிக்கொண்டு வளைவைக் கடக்க வேண்டியிருக்கிறது. ஒன்றில் பத்தாண்டு பழகிய உள்ளுணர்வு மற்றொன்றில் உதவுவதைவிடத் தடையாவதே வழக்கம்.

சர்டீஸ் 1934 பிப்ரவரி 11 அன்று இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் உள்ள டாட்ஸ்ஃபீல்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜாக் சர்டீஸ் தெற்கு லண்டனில் மோட்டார் சைக்கிள் கடை நடத்தியவர். மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் இன்னொருவர் தொற்றிக்கொண்டு எடையைச் சமன்செய்யும் சைட்கார் பந்தயங்களில் தேர்ந்தவர். மகன் முதன்முதலாகக் களம் கண்டதும் தந்தையின் சைட்காரில்தான். அந்தப் பந்தயத்தில் தந்தையும் மகனும் வென்றார்கள். ஆனால் மகனுக்கு உரிய வயது ஆகவில்லை என்பதை அமைப்பாளர்கள் கண்டறிந்ததால் வெற்றி பறிக்கப்பட்டது. பதினாறாவது வயதில் சர்டீஸ், ஸ்டீவனேஜ் நகரிலிருந்த வின்சென்ட் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக, அதாவது வேலை செய்துகொண்டே தொழில் கற்கும் பயிற்சியாளராகச் சேர்ந்தார். எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதும், உலோகத்தைக் கடைந்து அளவுக்குக் கொண்டுவருவதும் அங்கே அவருக்குக் கைவந்த கலையாயின. பிற்காலத்தில் பொறியாளர்களோடு அவர் சரிக்குச் சரி நின்று வாதாடியதற்கு அந்தப் பட்டறையே அடித்தளம்.

நார்ட்டன் நிறுவனம் 1955-இல் அவரைத் தன் அதிகாரபூர்வ அணியில் சேர்த்துக்கொண்டது. அந்த ஓராண்டில் அவர் 76 பந்தயங்களில் கலந்துகொண்டு 68-இல் வென்றார். அடுத்த ஆண்டே இத்தாலியின் எம்.வி. அகுஸ்தா அணிக்குச் சென்று 500 சிசி உலகப் பட்டத்தை வென்றார். பின்னர் 1958, 1959, 1960 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் 350 சிசி, 500 சிசி என இரு வகுப்புகளின் பட்டங்களையும் ஒருசேரக் கைப்பற்ற, அவருடைய உலகப் பட்டங்களின் எண்ணிக்கை ஏழாயிற்று. கில்லெரா, மோட்டோ குஸி முதலிய இத்தாலிய அணிகள் 1957-இன் முடிவில் போட்டியிலிருந்து விலகிக்கொண்டதால் அகுஸ்தாவுக்கு வழி எளிதாயிற்று என்று சொல்வோர் உண்டு. அது ஓரளவு உண்மையே. ஆயினும் ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த டி.டி. பந்தயத்தை இந்த வாதத்தால் குறைத்து மதிப்பிட முடியாது. வீடுகளின் மதில்களையும் கல்வேலிகளையும் ஒட்டிச் செல்லும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளப் பொதுச் சாலைதான் அங்கே பந்தயப் பாதை. எதிராளி யாராக இருந்தாலும் அந்தச் சாலை மன்னிப்பதில்லை. அத்தகைய களத்தில் தலையாயதான சீனியர் டி.டி.யைத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்ற முதல் வீரர் சர்டீஸ்.

அவர் கார்களின் பக்கம் திரும்பியதற்கான காரணமும் அவருடைய இயல்பைக் காட்டுகிறது. அணியின் உரிமையாளரான டொமெனிகோ அகுஸ்தா, உலக சாம்பியன்ஷிப்பில் சேராத பந்தயங்களில் அவர் ஓட்டுவதைக் கட்டுப்படுத்தினார். வாரந்தோறும் ஓட்டிப் பழகிய சர்டீஸுக்கு ஆண்டில் சில நாள்கள் மட்டுமே களமிறங்குவது பொறுக்கவில்லை. ஒப்பந்தத்திலோ கார்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆகவே 1960-இல் மோட்டார் சைக்கிளில் இரு உலகப் பட்டங்களை வென்றுகொண்டிருந்த அதே பருவத்தில், இடைப்பட்ட வார இறுதிகளில் கார் ஓட்டத் தொடங்கினார். கென் டிரெல்லின் காரில் குட்வுட் களத்தில் ஓட்டிய முதல் பந்தயத்திலேயே ஜிம் கிளார்க்குக்கு அடுத்து இரண்டாவதாக வந்தார். லோட்டஸ் அணியின் காலின் சாப்மன் அவரை ஃபார்முலா ஒன்னுக்கு அழைத்துக்கொண்டார். உலக சாம்பியன்ஷிப்புக்குரிய பந்தயங்களான கிராண்ட் பிரீகளில் அவருக்கு இரண்டாவதாக அமைந்த பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயில் இரண்டாமிடமும், மூன்றாவதாக அமைந்த போர்ச்சுகல் கிராண்ட் பிரீயின் தகுதிச் சுற்றில் மிக விரைவான நேரமும் அவருக்குக் கிடைத்தன. அந்த ஆண்டின் முடிவில் மோட்டார் சைக்கிளிலிருந்து முற்றாக விலகியபோது அவருக்கு வயது 26 மட்டுமே.

கூப்பர், லோலா கார்களில் இரண்டாண்டுகள் ஓட்டிய பின் 1963-இல் ஃபெராரியில் சேர்ந்து, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் தம் முதல் கிராண்ட் பிரீயை வென்றார். 1964-இல் பட்டம் கைகூடிய விதத்தைப் புரிந்துகொள்ள அன்றைய மதிப்பெண் முறையைச் சற்று அறிய வேண்டும். வெற்றிக்கு 9, இரண்டாமிடத்துக்கு 6, மூன்றாமிடத்துக்கு 4 என்று ஆறாமிடம் வரை மதிப்பெண் உண்டு. ஆனால் பத்துப் பந்தயங்களில் ஒருவரின் மிகச் சிறந்த ஆறு முடிவுகளே கணக்கில் கொள்ளப்படும். அக்டோபர் 25 அன்று மெக்சிகோவில் நடந்த கடைசிப் பந்தயத்துக்கு வந்தபோது கிரகாம் ஹில் 39, சர்டீஸ் 34, ஜிம் கிளார்க் 30 என்ற நிலை இருந்தது. பந்தயத்தின் நடுவே சர்டீஸின் அணித் தோழரான லொரென்ஸோ பாண்டினியின் கார் ஹில்லின் காரில் மோதியதால் ஹில்லின் வாய்ப்பு பறிபோயிற்று; அந்த மோதல் குறித்த சர்ச்சை பல்லாண்டு ஓயவில்லை. முன்னணியில் சென்ற கிளார்க் வென்றிருந்தால் பட்டம் அவருடையது. ஆனால் எண்ணெய் கசிந்து, முடிவுக்கோடு கண்ணுக்கெட்டும் வேளையில் அவருடைய எஞ்சின் தளர்ந்தது. அப்போது டான் கர்னி முதலிடத்திலும், பாண்டினி இரண்டாமிடத்திலும், சர்டீஸ் மூன்றாமிடத்திலும் இருந்தனர். மூன்றாமிடம் அவரை 38-இல் நிறுத்திவிடும். இரண்டாமிடம் 40 தரும். அணியின் சைகையைக் கண்ட பாண்டினி வேகத்தைக் குறைத்து வழிவிட, ஒரே ஒரு மதிப்பெண் வேறுபாட்டில் சர்டீஸ் உலக சாம்பியனானார். ஹில் அந்த ஆண்டில் மொத்தமாகத் திரட்டியது 41. ஆறு முடிவுகள் என்ற விதியால்தான் அது 39-ஆகச் சுருங்கியது. மெக்சிகோவில் அதிர்ஷ்டம் சர்டீஸ் பக்கம் இருந்ததை மறுப்பதற்கில்லை. எனினும் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் அவர் பெற்ற வெற்றிகள் இல்லாவிட்டால் அந்த அதிர்ஷ்டத்துக்கு வேலையே இருந்திராது.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் கனடாவின் மோஸ்போர்ட் களத்தில், லோலா ஸ்போர்ட்ஸ் காரில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது முன்சக்கரத்தைத் தாங்கும் பாகம் உடைந்து கார் தூக்கியெறியப்பட, இடுப்பும் முதுகும் சிதைந்து அவர் மரணத்தின் விளிம்புக்குச் சென்றார். உடலின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட ஏறக்குறைய 4 அங்குலம் குறுகியிருந்தது. லண்டன் மருத்துவர்கள் அதனைப் பிடித்து இழுத்து நீட்டியே சமன்செய்ய வேண்டியிருந்தது. அத்தகைய நிலையிலிருந்தவர் 1966 ஏப்ரலில், கொட்டும் மழையில், மான்ஸா 1,000 கிலோமீட்டர் பந்தயத்தை மைக் பார்க்ஸுடன் சேர்ந்து ஃபெராரிக்கு வென்று கொடுத்தார். ஜூன் மாதத்தில் பெல்ஜியத்தின் ஸ்பா களத்தில் திடீர் மழையால் முதல் சுற்றிலேயே பல கார்கள் சிதறிப்போன கிராண்ட் பிரீயையும் வென்றார்.

அந்த வெற்றியின் ஈரம் காயுமுன் அவர் ஃபெராரியை விட்டு வெளியேறினார். லு மான் என்ற 24 மணி நேரப் பந்தயத்துக்கு ஓட்டுநர்களை ஒதுக்குவதில் அணி மேலாளர் யூஜீனியோ டிராகோனியுடன் ஏற்பட்ட தகராறே உடனடிக் காரணம். ஆழமான காரணம், ஃபார்முலா ஒன் கார்களைவிட ஸ்போர்ட்ஸ் கார்களுக்கே நிறுவனம் முன்னுரிமை தருகிறது என்றும், தொழிற்சாலை அரசியல் வண்டியைக் கெடுக்கிறது என்றும் அவர் வெளிப்படையாகப் பேசிவந்தது. அவர் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் பட்டம் வெல்லக்கூடிய காரைப் பருவத்தின் நடுவில் துறந்தது அவருக்கும் ஃபெராரிக்கும் ஒருங்கே இழப்பாயிற்று. எஞ்சிய பந்தயங்களைக் கூப்பர்-மாசராட்டி காரில் ஓட்டி, மெக்சிகோவில் வென்று, ஜாக் பிரபாமுக்கு அடுத்த இடத்தில் அந்த ஆண்டை முடித்தார். அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில், எஞ்சின் அளவுக்கு உச்சவரம்பே இல்லாத ஸ்போர்ட்ஸ் கார்களுக்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் புதிதாகத் தொடங்கப்பட்ட கேன்-ஆம் தொடரின் முதல் சாம்பியனும் அவரே.

ஜப்பானின் ஹோண்டா நிறுவனத்தில் அவர் கழித்த இரண்டாண்டுகள் அவர் தொழில் வாழ்வின் மிகச் செறிவான பகுதி என்று சொல்லத் தோன்றுகிறது. ஏனெனில் அங்கே அவர் ஓட்டுநராக மட்டுமின்றி, அணியை இங்கிலாந்தில் நிலைநிறுத்தியவராகவும் காரை உருவாக்கியவர்களுள் ஒருவராகவும் இருந்தார். ஹோண்டாவின் கார் அளவுக்கு மீறிய எடை கொண்டது என்று கண்டு, லோலா நிறுவனத்தின் உடற்சட்டத்தில் ஹோண்டா எஞ்சினைப் பொருத்திப் புதிய காரை ஒருசில வாரங்களில் உருவாக்கினர். அந்தக் கார் முதன்முதலாகக் களமிறங்கியது 1967 செப்டம்பரில் மான்ஸாவில். கடைசிச் சுற்றில் ஜிம் கிளார்க்கின் காருக்கு எரிபொருள் போதாமல் வேகம் குறைய, சர்டீஸும் பிரபாமும் ஒட்டிக்கொண்டு பாராபோலிகா என்ற இறுதி வளைவை நெருங்கினர். முன்பே சிந்திய எண்ணெயின்மீது சிமெண்டுத் தூள் தூவப்பட்டிருந்த உட்பக்கத்தைச் சர்டீஸ் வேண்டுமென்றே திறந்துவிட்டார். பிரபாம் அதில் பாய்ந்து முன்னேறினார். ஆனால் அந்தத் தூளில் டயர் வழுக்கி அவர் கார் அகலமாக விலகிச் செல்ல, சர்டீஸ் 0.2 நொடியில் வென்றார். அதுவே அவருடைய ஆறாவதும் கடைசியுமான கிராண்ட் பிரீ வெற்றி.

அடுத்த ஆண்டு காற்றால் குளிர்விக்கப்படும் எஞ்சினும் மெக்னீசிய உடலும் கொண்ட ஆர்.ஏ. 302 என்ற காரை ஹோண்டா உருவாக்கியது. மெக்னீசியம் எடை குறைந்த உலோகம். ஆனால் தீப்பற்றினால் அணைப்பது அரிது. அதனை ஓட்டிப் பார்த்த சர்டீஸ், பந்தயத்துக்கு அது தகுதி பெறவில்லை என்று மறுத்துவிட்டார். இருந்தும் ஹோண்டாவின் பிரெஞ்சுக் கிளை 1968 ஜூலை 7 அன்று ரூவானில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் அதனை ஜோ ஷ்லெஸ்ஸரிடம் கொடுத்தது. தொடக்கச் சுற்றுகளிலேயே கார் கவிழ்ந்து எரிந்து ஷ்லெஸ்ஸர் உயிரிழந்தார். பழைய காரில் ஓட்டிய சர்டீஸ் அதே பந்தயத்தில் இரண்டாமிடம் பெற்றார். ஓட்டுநரின் சொல்லை அலுவலகம் மதிக்காதபோது என்ன நேரும் என்பதற்கு அந்நாளைய பந்தய உலகில் இதைவிடக் கொடிய சான்று வேறொன்று தேட வேண்டியதில்லை.

யாருடைய காரிலும் நிறைவு காணாதவர் 1970-இல் தம் பெயரிலேயே ஃபார்முலா ஒன் கார்களைக் கட்டத் தொடங்கியது இயல்பான முடிவே. அந்த அணியின் வரலாறு இன்பமும் வேதனையும் கலந்தது. முன்னாள் மோட்டார் சைக்கிள் சாம்பியன் மைக் ஹெய்ல்வுட் 1972-இல் சர்டீஸ் காரில் ஐரோப்பிய ஃபார்முலா டூ பட்டத்தை வென்றார்; அதே ஆண்டு இத்தாலியில் இரண்டாமிடம் பெற்றார். அணி கண்ட மிக உயர்ந்த கிராண்ட் பிரீ இடம் அதுதான். அந்த ஆண்டோடு சர்டீஸ் கிராண்ட் பிரீ ஓட்டுவதை நிறுத்தினார். பணத்தட்டுப்பாடும் அவருடைய உடல்நலக் குறைவும் சேர்ந்து 1978-இல் அணி மூடப்பட்டது. ஒவ்வொரு திருகையும் தாமே பார்க்க விரும்பிய மனம், பிறரிடம் வேலையை ஒப்படைத்து நடத்த வேண்டிய நிறுவனத்துக்குப் பொருந்தவில்லை என்றே கருத வேண்டியுள்ளது.

அவருடைய மகன் ஹென்றி 2009 ஜூலை 19 அன்று, தம் 18-ஆம் வயதில், பிராண்ட்ஸ் ஹாட்ச் களத்தில் ஃபார்முலா டூ பந்தயத்தின்போது வேறொரு காரிலிருந்து கழன்று வந்த சக்கரம் தலையில் தாக்கி உயிரிழந்தார். எத்தனையோ சக வீரர்களைப் பறிகொடுத்த காலத்தைக் கடந்து வந்தவருக்கு இப்படியொரு இழப்பு நேர்ந்தது. அதன் பின்னும் அவர் பந்தய உலகை வெறுத்து ஒதுங்காமல், மகனின் பெயரில் ஓர் அறக்கட்டளையை நிறுவி, விபத்தில் தலைக்காயமுற்றோருக்கும் வான்வழி ஆம்புலன்ஸ் சேவைகளுக்கும் உதவி திரட்டுவதிலேயே எஞ்சிய ஆண்டுகளைச் செலவிட்டார்.

இரு துறைகளையும் வெல்ல அவருக்குப் பின் முயன்றவர்கள் சாமானியர்கள் அல்லர். ஹெய்ல்வுட்டுக்குக் கிராண்ட் பிரீ வெற்றி கிட்டவில்லை. வெனிசுவேலாவின் ஜானி செக்கோட்டோ ஆறாமிடத்தைத் தாண்டவில்லை. வாலண்டினோ ரோஸி ஃபெராரி காரைச் சோதித்துப் பார்த்ததோடு நின்றுகொண்டார். குழந்தைப் பருவத்திலேயே கார்ட் வண்டியில் ஏற்றி ஒரே துறைக்கென வீரர்களை வார்க்கும் இன்றைய முறையில் இன்னொருவர் இதைச் செய்வார் என்று எதிர்பார்ப்பதற்கும் இடமில்லை. இத்தகைய ஒருவருக்கு பிரிட்டிஷ் அரசு ஓ.பி.இ. விருதை 2008-இலும் சி.பி.இ. விருதை 2016-இலும்தான் வழங்கியது. ஃபார்முலா ஒன் பட்டத்தை ஒருபோதும் வெல்லாத ஸ்டிர்லிங் மாஸுக்குக்கூட அளிக்கப்பட்ட 'சர்' பட்டம், எட்டு உலகப் பட்டங்கள் வென்ற சர்டீஸுக்கு, 2017 மார்ச் 10 அன்று தம் 83-ஆம் வயதில் லண்டனில் அவர் காலமாகும்வரை வழங்கப்படவே இல்லை. மாஸ் அதற்குத் தகுதியானவரே. சர்டீஸுக்கு அது மறுக்கப்பட்டதுதான் பெரும் அநீதி.