மத்திகிரி வரை கடல் வருமா? துருவப் பனி உருகினால் தென்பெண்ணைக்கு ஏன் சிக்கல்?

ஓசூரை ஒட்டிய மத்திகிரி, கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிரீன்லாந்து, அண்டார்டிகா பனி மொத்தமும் உருகினாலும் கடல் சுமார் 65 மீட்டர்தான் உயரும். அதற்கும் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும். ஆக, மத்திகிரிக்குக் கடல் வரவே வராது. ஆனால் அந்தப் பக்கமாக ஓடும் தென்பெண்ணை கடலுக்குப் போயே ஆக வேண்டும். சிக்கல் அங்கேதான்.

எந்தப் பனி உருகினால் கடல் உயரும்?

டம்ளரில் மிதக்கும் ஐஸ் கட்டி கரைந்தால் தண்ணீர் வழியாது. கடலில் மிதக்கும் பனியும் கிட்டத்தட்ட அப்படித்தான். கிரீன்லாந்து, அண்டார்டிகா கதை வேறு. அங்கே பனி நிலத்தின் மேல் கிலோமீட்டர் கணக்கில் தடிமனாகக் கிடக்கிறது. அது உருகினால் கடலுக்குப் புது வரவு. நாசா செயற்கைக்கோள் கணக்குப்படி, 2002க்குப் பிறகு கிரீன்லாந்து மட்டும் ஆண்டுக்கு சராசரியாக 25,000 கோடி டன்னுக்கு மேல் பனியை இழந்திருக்கிறது. சூடாகும் கடல்நீர் விரிவதும் இதோடு சேர்கிறது. ஐ.நா.வின் ஐபிசிசி அறிக்கைப்படி 1901 முதல் 2018 வரை கடல் உயர்ந்தது சுமார் 20 செ.மீ. ஏறும் வேகமும் கூடிவிட்டது. 2006க்குப் பிறகு ஆண்டுக்கு 3.7 மி.மீ.

எங்கேயோ உருகினால் நமக்கென்ன?

இதில்தான் ஒரு வேடிக்கை. பெரிய பனிப்பாளம் தன் ஈர்ப்பு விசையால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கும். பனி குறைந்தால் அந்தப் பிடி தளரும். அதனால் கிரீன்லாந்து உருகும்போது அதன் கரையோரம் கடல் இறங்கும். தொலைவில் உள்ள வெப்பமண்டலக் கடல்களில்தான் அதிகம் ஏறும். பெங்களூருவில் உள்ள சிஸ்டெப் ஆய்வு மையம் 2024ல் வெளியிட்ட அறிக்கை, 2040க்குள் சென்னையில் 5 முதல் 10 சதவீத நிலமும், தூத்துக்குடியில் 10 சதவீதத்துக்கு மேலும் கடல்நீரில் மூழ்கலாம் என்கிறது.

தென்பெண்ணைக்கு என்ன ஆகும்?

கர்நாடகாவில் பிறந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை, பிறகு கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டி, கடலூர் அருகே வங்கக் கடலில் சேர்கிறது இந்த ஆறு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. சாத்தனூரில் விநாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் கரையோர ஊர்கள் மூழ்கின. அதற்குக் காரணம் கனமழை. கடல் மட்டத்தின் மேல் பழி போட முடியாது. ஆனால் முகத்துவாரத்தில் கடல் ஏற ஏற, ஆற்றின் சரிவு குறையும். புயல் நேரத்தில் கடலும் சேர்ந்து பொங்கினால் வெள்ளம் வடிய வழி இருக்காது. மணிக்கணக்கில் வடிய வேண்டிய தண்ணீர் நாள்கணக்கில் வயலிலும் வீட்டிலும் நிற்கும்.