இழுப்பது இன்ஜின், தள்ளுவது ஸ்பிரிங்

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி காலத்துப் பெட்ரோல் கார்களில் டாங்கி பின்னால் தாழ்வாக இருக்கும். கார்புரேட்டர் முன்னால், உயரத்தில். இந்த இரண்டுக்கும் நடுவே பெட்ரோலை ஏற்றியது, இன்ஜினின் பக்கவாட்டில் இரண்டே போல்ட்டில் உட்கார்ந்திருந்த ஒரு சின்ன பம்ப். மின்சாரம் வேண்டாம், ஒயர் வேண்டாம். மெக்கானிக்குகளுக்கு அது ‘ஏ.சி. பம்ப்’. குளிரூட்டும் ஏ.சி.க்கும் இதற்கும் சம்பந்தமில்லை; ஆல்பர்ட் சாம்பியன் என்பவரின் பெயரிலிருந்து வந்த அமெரிக்க முத்திரை அது.

கேம்ஷாஃப்டில் உள்ள ஒரு மேடு, ஒவ்வொரு சுற்றுக்கும் பம்பின் கையை ஒருமுறை அசைக்கும். அந்தக் கை, பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வைக் கீழே இழுக்க, மேலறையில் அழுத்தம் குறைந்து பெட்ரோல் ஒரு வால்வைத் திறந்துகொண்டு உள்ளே வரும். மேடு விலகியதும் அடியிலிருக்கும் ஸ்பிரிங் டயாஃப்ரத்தை மேலே தள்ளும். இன்னொரு வால்வு வழியாகப் பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும்.

சூட்சுமம் இங்கேதான். இன்ஜின் இழுப்பதோடு சரி, தள்ளுவதெல்லாம் ஸ்பிரிங். அதனால் வண்டி எவ்வளவு வேகமாக ஓடினாலும் பெட்ரோலின் அழுத்தம் ஸ்பிரிங்கின் பலத்தைத் தாண்டாது. சதுர அங்குலத்துக்குச் சில பவுண்டுதான். கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்து ஊசி வால்வு அடைத்துக்கொண்டால் டயாஃப்ரம் கீழேயே நின்றுவிடும், கை சும்மா ஆடிக்கொண்டிருக்கும். சென்சார் இல்லாமலே தேவைக்கு மட்டும் கொடுக்கும் இந்த ஏற்பாட்டைவிடப் புத்திசாலித்தனமான ஒன்றைப் பழைய இன்ஜினில் காட்டுவது கடினம்.

கெட்டுப்போவது பெரும்பாலும் டயாஃப்ரம். வயதாகி விறைத்துக் கிழியும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைச் சீக்கிரமே கெடுக்கும். கிழிந்தால் பெட்ரோல் வெளியே சொட்டலாம், அல்லது ஓசையில்லாமல் ஆயில் சம்ப்புக்குள் இறங்கலாம். இரண்டாவதுதான் ஆபத்து. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறி, பெட்ரோல் வாடையும் அடித்தால் வண்டியை எடுக்கவே கூடாது. வெயில் காலத்தில் மட்டும் நின்றுபோகிற வண்டிக்குப் பம்பைக் குறை சொல்ல வேண்டாம். சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்திருக்கும். அந்தக் காலத்து டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி போட்டது அதற்காகத்தான்.

மாற்றுகிற வேலை எளிது, அவசரம்தான் ஆகாது. இன்ஜின் ஆறட்டும், பேட்டரியைக் கழற்றுங்கள், டாங்கியிலிருந்து வரும் ஹோஸின் வாயை அடையுங்கள். கேம் மேடு கையை அழுத்தாத நிலைக்கு இன்ஜினைக் கையால் சுற்றிவிட்டால் பம்ப் முரண்டுபிடிக்காமல் வரும். பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது துணுக்கு உள்ளே விழக் கூடாது. புதுப் பேக்கிங்கும், இருந்தால் நடுவிலுள்ள வெப்பத் தடுப்புக் கட்டையும் பழைய கனத்திலேயே இருக்க வேண்டும். மெலிந்தால் கை அளவுக்கு மீறி அழுந்தும். தடித்தால் கையின் வீச்சு குறைந்து பெட்ரோல் போதாமல் போகும். கை நேராகக் கேமைத் தொடும் ரகமாக இருந்தால், மேட்டின் சரியான பக்கத்தில் உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி முறுக்குங்கள். பம்ப் சமமாகப் படியவில்லையென்றால் போல்ட்டால் இழுத்துப் படியவைக்கப் பார்க்காதீர்கள், கை ஒடியும்.

பம்பில் கையால் அடிக்கும் சின்ன லீவர் இருந்தால் அதை அடித்துக் கார்புரேட்டரை நிரப்பலாம். லீவர் தொளதொளவென்றிருந்தால் பம்ப் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம்; கேம் மேடு கையைப் பிடித்துக்கொண்டிருக்கும், இன்ஜினைச் சற்றுச் சுற்றினால் சரியாகிவிடும். ஆயிலில் பெட்ரோல் கலந்திருந்தால், ஸ்டார்ட் செய்யும் முன்பே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.