செயற்கை இடுப்பு மூட்டின் தேய்வும் ஆயுளும்

மனித உடலின் மூட்டுக்களுட் பெரும்பாரந் தாங்குவனவற்றுள் ஒன்று இடுப்பு மூட்டு. தொடை என்பின் தலை பந்துபோலத் திரண்டு, இடுப்பென்பிலுள்ள கிண்ணம் போன்ற குழியிற் பொருந்தி அசைகின்றது. நாம் சாதாரணமாக நடக்கும்போதே உடல் நிறையின் ஏறக்குறைய இரண்டரை மடங்கு விசை அதன்மேல் விழுகின்றது. முதுமையாலோ நோயாலோ இம்மூட்டு அழிந்தவிடத்துச் சத்திரவைத்தியர் பந்தையும் கிண்ணத்தையும் மாற்றிச் செயற்கையானவற்றைப் பொருத்துவர். யூபிலி விழாவுக்கு வரும் மூத்த பழைய மாணவருள்ளும் அத்தகைய மூட்டோடு நடந்து வருவோர் சிலர் இருத்தல் கூடும். அவர் ஒவ்வொருவரும் தம் வைத்தியரிடம் வினவியிருக்கக்கூடிய வினா ஒன்றுண்டு: “இஃது எத்தனை ஆண்டுக்கு உழைக்கும்?”

செருப்பின் அடித்தோல் தேய்ந்து ஓட்டை விழுவது போலச் செயற்கைக் கிண்ணமுந் தேய்ந்து முடிவதே அதன் ஆயுளின் எல்லை என்று பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. கிண்ணம் முற்றாகத் தேய்வதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே, தேய்ந்து உதிர்ந்த தூள் தன் வேலையைத் தொடங்கிவிடுகின்றது.

இதனை முதலிற் கண்டு வருந்தியவர்களுள் ஒருவர் ஜோன் சாண்லி என்னும் ஆங்கிலேயச் சத்திரவைத்தியர். இங்கிலாந்தின் இலங்காசயரிலுள்ள றைற்றிங்ரன் வைத்தியசாலையில் அவர் பணியாற்றினார். மிகக் குறைந்த உராய்வுடைய பொருளே கிண்ணத்துக்கு உகந்ததெனக் கருதித் தெபிலோனைத் தெரிந்து, 1958 முதல் ஏறக்குறைய முந்நூறு நோயாளருக்குப் பொருத்தினார். முதலில் நோ தீர்ந்து யாவரும் மகிழ்ந்தனர். இரண்டு மூன்று ஆண்டுகளுள் கிண்ணங்கள் வெகுவாகத் தேய்ந்தன; தூள் படிந்த இடங்களில் இழையங்கள் அழன்று கெட்டன. உராய்வு குறைவாயிருத்தல் வேறு, தேய்வு குறைவாயிருத்தல் வேறு என்பதை அந்நோயாளர் தம் உடலாற் கற்பிக்க நேர்ந்தது. தெபிலோனுக்கு உடல் எவ்வாறு மாறு செய்கின்றதென அறியச் சாண்லி அதன் துண்டொன்றைத் தம் தொடையிலேயே புதைத்துப் பார்த்தார்.

1962 ஆம் ஆண்டில், நெசவுப் பொறிகளின் பற்சில்லுகளுக்கெனப் பிளாத்திக்கு விற்க வந்த ஒருவர், உயர் மூலக்கூற்று நிறையுடைய பொலியெதிலீன் துண்டொன்றைச் சாண்லியின் தொழில்நுட்ப உதவியாளர் ஹரி கிறேவனிடம் விட்டுச் சென்றார். நகத்தால் அழுத்திப் பார்த்த சாண்லி அதனைப் பொருட்படுத்தவில்லை. கிறேவனோ அதனைத் தேய்வுப் பொறியில் ஏற்றி ஓடவிட்டார். தெபிலோன் ஒரு நாளிற் தேய்ந்த அளவு இது மூன்று கிழமையிலுந் தேய்ந்திலது. அவ்வாண்டு நவம்பரிலேயே அப்பொருள் நோயாளர்க்குப் பொருத்தப்பட்டது. இன்றும் பெரும்பாலான கிண்ணங்கள் அதன் வழிவந்த பொருளாலேயே ஆகின்றன.

அப்பழைய பொலியெதிலீனும் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர் தேய்ந்தது. மாணவர் இங்கே ஒரு சிறு கணக்குச் செய்து பார்க்கலாம். சாண்லியின் பந்து 22 மில்லிமீற்றர் விட்டமுடையது. பந்து கிண்ணத்தினுள் 0.1 மில்லிமீற்றர் புதைந்தால் இழக்கப்படும் கனவளவு ஏறக்குறைய 38 கன மில்லிமீற்றர். ஒருவர் ஒரு காலால் ஆண்டுக்குப் பத்து இலட்சம் அடி வைக்கின்றார் என்று கொள்வோம். தூளின் மணியொன்று அரை மைக்கிரோன் விட்டமுடையதெனின், ஒவ்வோர் அடிக்கும் ஏறத்தாழ ஆறு இலட்சம் மணிகள் உதிர்கின்றன! பந்து 32 மில்லிமீற்றராயின், அதே ஆழத்துக்குக் கனவளவு இருமடங்கிற்கும் மேலாகும்.

இத்தூளை உடல் கிருமியெனவே கருதுகின்றது. விழுங்குங் கலங்கள் அதனை உட்கொண்டு செரிக்க மாட்டாது அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றால் என்பைக் கரைக்குங் கலங்கள் தூண்டப்படுகின்றன. மூட்டைச் சூழ்ந்த என்பு நோவின்றி மெல்லக் கரைந்து, ஈற்றில் மூட்டுத் தளர்கின்றது. இவ்வாறு கரைவதற்கு என்பையும் உலோகத்தையும் இணைக்கும் அக்கிரிலிக்குச் சீமெந்தே காரணமெனச் சிலகாலம் பழி கூறினர். சீமெந்தில்லாத மூட்டுக்களைச் செய்தபோதும் என்பு கரைந்தது. பழி தூளுக்கு மாறியது.

பொலியெதிலீனைக் கிருமியழிப்பதற்காகக் காற்றில் வைத்துக் காமாக் கதிர் பாய்ச்சியதும் ஒரு குறையாயிற்று. மூலக்கூற்றுச் சங்கிலிகள் அறுந்து, ஒட்சிசனேறி, பொருள் நொய்ந்தது. அதே கதிரை மிகுதியாகப் பாய்ச்சிப் பின் வெப்பமூட்டினாலோ, அறுந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து உறுதியடைகின்றன. 1990 களின் இறுதியிற் புழக்கத்துக்கு வந்த இக்குறுக்கிணைப்புப் பொலியெதிலீனின் ஆண்டுத் தேய்வு 0.05 மில்லிமீற்றருக்குங் கீழானது. தூளின் தொல்லை பெரிதுந் தணிந்தது.

தொல்லை மற்றோரிடத்திலும் எழுந்தது. சாண்லியின் மூட்டிற் பந்துந் தண்டும் ஒரே வார்ப்பு. பின்வந்தோர் அவற்றைத் தனித்தனி உறுப்புக்களாக்கினர். தண்டின் முனையைக் கூம்பாகக் கடைந்து, அதன்மேற் பந்தைச் சுத்தியலாற் தட்டி இறுக்குவர். துளைப்பொறியில் அலகைப் பொருத்தும் மோர்சுக் கூம்பைக் கண்டவர்க்கு இம்முறை புதிதன்று. இதனால் வந்த நன்மை பெரிது. நோயாளரின் கால்நீளத்துக்கேற்பக் கழுத்தை நீட்டலாம், குறைக்கலாம். பந்தை உலோகத்திலோ பீங்கானிலோ தெரியலாம். உள்ளுறை தேய்ந்த காலத்தில் என்பிலே உறுதியாய் நிற்குந் தண்டைப் பிடுங்காது பந்தையும் உள்ளுறையையும் மாத்திரம் மாற்றலாம். தண்டைப் பிடுங்குதல் எத்துணைக் கொடிய வேலை என்பதை அறிந்தவர் இந்நன்மையை இலேசாகக் கருதார்.

ஆயின் இறுகிய கூம்பும் முற்றாக அசைவற்றதன்று. ஒவ்வோர் அடியிலும் சில மைக்கிரோன் அசைகின்றது. கோபாற்று-குரோமியக் கலப்புலோகத்தைக் காப்பது அதன்மேலுள்ள மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம். அசைவு அப்படலத்தைச் சுரண்டுகின்றது. அது மீண்டும் உண்டாகும்போது இடுக்கிலுள்ள ஒட்சிசன் செலவாகின்றது, அங்குள்ள உப்புநீர் அமிலமாகின்றது, உலோகம் அரிக்கப்படுகின்றது. வெளிப்படுங் கோபாற்றுந் குரோமியமும் சூழ்ந்த தசையை அழிக்கவல்லன. பந்து பெரிதாகுந்தோறுங் கூம்பின்மேற் திருகுவிசையும் பெருகும்.

உலோகப் பந்து உலோகக் கிண்ணத்தில் அசையும் ஏ.எஸ்.ஆர். என்னும் மூட்டு, உலகெங்கும் ஏறக்குறைய 93,000 பேருக்குப் பொருத்தப்பட்ட பின் 2010 ஆகஸ்டில் மீளப்பெறப்பட்டது. தண்டுக்குங் கழுத்துக்கும் இடையே இரண்டாவது கூம்பொன்றை வைத்த றிஜுவனேற் என்னும் வகை 2012 யூலையில் அவ்வாறே மீளப்பெறப்பட்டது. இணைப்பொன்றைக் கூட்டினால் தேயும் முகமொன்றையுங் கூட்டுகின்றோம் என்பது பொறியியலார் அறியாததன்று. வசதியின் கவர்ச்சியில் அது பின்தள்ளப்பட்டது என்பதே என் கருத்து. இப்பொழுது ஒரு கூம்போடு நிறுத்தி, பந்தை மிதமான அளவிற் கொண்டு, பலவிடத்தும் பீங்கானையே விரும்புகின்றனர். கூம்பை ஈரமும் என்புத்துகளுமின்றித் துடைத்து உறுதியாக அடிப்பதும் ஆயுளைக் காக்குஞ் செயலே.

இனி, எத்தனை ஆண்டு? அவுஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் பதிவேடுகளைக் கொண்டு 2019 இல் வெளியான கணிப்பொன்று, நூற்றுக்கு ஐம்பத்தெட்டு மூட்டுக்கள் இருபத்தைந்து ஆண்டு நிலைக்குமெனக் கூறுகின்றது. அவற்றுட் பல பழைய பொலியெதிலீன் கொண்டவை. புதியவற்றின் கணக்கு முடிய இன்னுங் காலஞ் செல்லும். எழுபது வயதினர்க்கு இது போதும்; நாற்பது வயதினர்க்குப் போதாது. என்பு நோவின்றியே கரைவதால், சுகமாக நடப்பவரும் வைத்தியர் குறித்த காலங்களில் எக்ஸ் கதிர்ப் படம் எடுப்பித்தல் வேண்டும். தமக்குப் பொருத்திய பந்து, உள்ளுறை, தண்டு என்பவற்றின் பெயரும் அளவும் எழுதிய சீட்டையும் அவர்கள் பேணிவைத்தல் நன்று. இருபது ஆண்டின் பின் மூட்டைத் திறக்கும் வைத்தியர், எந்தக் கூம்புக்கு எந்தப் பந்து பொருந்தும் என்பதை முதலில் அச்சீட்டிலேயே தேடுவார்.