கைப்பேசிக்கு வயசாச்சு – 9: தாத்தா பேரில் பட்டா

மாரமங்கலத்து அண்ணனின் ஆண்ட்ராய்டு 6 போன், 2017க்குப் பிறகு ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பும் வராத நிலையில், 'உங்கள் சாதனம் புதுப்பித்த நிலையில் உள்ளது' என்று மிதப்பாகச் சொன்ன கதையோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். அனுப்புகிறவர்கள் நிறுத்திவிட்டார்கள், வாங்க ஒன்றுமில்லை, அவ்வளவுதான் அதன் அர்த்தம். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் மெமரியைக் காலி செய்வது பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். செவ்வாய்க்கிழமை வரை அந்த எண்ணமும் இருந்தது.

செவ்வாய் காலை அண்ணன் பக்கத்து வீட்டு போனிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, எதைத் தொட்டாலும் பாதுகாப்பு இல்லைங்குது. நான் ஒண்ணுமே பண்ணலப்பா." மலையில் மூன்று நாளாகக் கரன்ட் இல்லை, போன் அணைந்தே கிடந்திருக்கிறது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏற்காடு தாண்டிப் போய்ச் சேர்ந்தேன். காப்பி காயும் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர், வா என்றுகூடச் சொல்லாமல் போனை நீட்டினார்.

தேதி: 1970 ஜனவரி 1. மணி: காலை 5.42.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆண்ட்ராய்டுக்குள் இருக்கும் கடிகாரம் 1970 ஜனவரி 1 பிறந்த கணத்திலிருந்து நொடிகளை எண்ணிக்கொண்டிருப்பது. அது கிரீன்விச் கணக்குப்படி நள்ளிரவு. நமக்கு அதிகாலை 5.30. பேட்டரி சுத்தமாக வற்றினால் சில போன்கள் எண்ணிக்கையை மறந்து பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆக, மறுபடி வற்றிய போனை அண்ணன் உயிர்ப்பித்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு இணையதளமும் தான் யார் என்பதற்கு ஒரு சான்றிதழ் காட்டும். அதில் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் இருக்கும். 1970இல் நிற்கிற போனுக்கு உலகத்துச் சான்றிதழ்கள் எல்லாமே இன்னும் பிறக்காத பிள்ளைகள். எப்படி நம்பும்?

அமைப்புகளில் 'தானியங்கி தேதி, நேரம்' அணைந்திருந்தது. யார் அணைத்தது என்பது, பேரன் லீவுக்கு வந்துபோன வீட்டில் கேட்கக் கூடாத கேள்வி. அதைப் போட்டதும் வாட்ஸ்அப் வந்தது, மற்றதெல்லாம் வந்தது. அண்ணன் தினமும் மிளகு விலை பார்த்துவந்த பக்கம் மட்டும் வரவில்லை. "முன்னெல்லாம் தொறந்துச்சே" என்றார். அந்த 'முன்னெல்லாம்'தான் என் ஒரு வாரத்தைத் தின்றது.

போன் பிறக்கும்போதே அதற்குள் ஒரு நம்பிக்கைப் பட்டியல் எழுதப்படுகிறது: இன்னின்னார் ஜாமீன் போட்டால் அந்தத் தளத்தை நம்பு. நாம் எழுதாத பெயர்கள் போனுக்குள் இருப்பது புதிதில்லை. 2018 ஆகஸ்ட்டில், சேமிக்காமலே ஆதார் உதவி எண் தங்கள் போன்களில் இருந்ததைப் பார்த்து நாடே பதறியதே, அதுவும் 2014இல் தொடக்க அமைப்பு மென்பொருளில் தவறுதலாக ஏறியது என்று கூகுள் ஒப்புக்கொண்டது. ஜாமீன்தாரர் பட்டியல் தெரிந்தே எழுதப்படுவது. பழைய ஆண்ட்ராய்டில் அது இயங்குதளத்தோடு சேர்ந்து வருவதால், இயங்குதளம் புதுப்பிக்கப்படாவிட்டால் பட்டியலும் அப்படியே உறைந்துவிடும்.

லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு 2015இல் வந்து, தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தது. மிளகு விலைப் பக்கத்தின் சான்றிதழும் அங்கே வாங்கியதுதான். அதன் மூலச் சான்றிதழான ஐ.எஸ்.ஆர்.ஜி. ரூட் எக்ஸ்1 ஆண்ட்ராய்டு 7.1.1இல்தான் பட்டியலில் ஏறியது. அதற்கு முந்தைய போன்களுக்கு யாரோ புதுப்பையன். அதனால் ஐடென்டிரஸ்ட் நிறுவனத்தின் டி.எஸ்.டி. ரூட் எக்ஸ்3 என்ற பழைய பெரியவர் அவனுக்கு ஜாமீன் நின்றார். பெரியவர் 2000இல் பிறந்தவர். ஆயுள் 2021 செப்டம்பர் 30, நம் நேரப்படி இரவு 7.31 வரை. அதன்பின் பழைய போன்களில் தளங்கள் திறக்காது என்று 2020 நவம்பரில் லெட்ஸ் என்க்ரிப்ட் எச்சரித்தபோது, ஆண்ட்ராய்டு போன்களில் 33.8 சதவீதம் 7.1க்குக் கீழே இருந்தன.

அப்புறம் நடந்ததைத்தான் வீட்டில் எல்லோரிடமும் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். பட்டியலில் இருக்கும் மூலச் சான்றிதழின் முடிவுத் தேதியை ஆண்ட்ராய்டு பார்ப்பதே இல்லை! மறதியில்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். பெயரும் சாவியும் சரியாக இருந்தால் போதும். கிராமத்தில் தாத்தா போய் நாற்பது வருடம் ஆகியும் பட்டா அவர் பேரிலேயே ஓடுகிறதே, அந்த மாதிரி. விஷயம் தெரிந்த லெட்ஸ் என்க்ரிப்ட்காரர்கள் 2021 ஜனவரியில், பெரியவர் கண்மூட எட்டு மாதம் இருக்கும்போது, அவரிடமே புது ஜாமீன் ஒன்று எழுதி வாங்கினார்கள். அது செல்லும் காலம் 2024 செப்டம்பர் 30 வரை. இறந்தவரின் கையெழுத்தை நம்பி மூன்று வருடம் பழைய போன்கள் ஓடின. அந்தத் தேதியும் கடந்துவிட்டது. அண்ணனின் மிளகு விலையும் அதோடு போய்விட்டது.

வைத்தியம் உண்டு. ஐ.எஸ்.ஆர்.ஜி. ரூட் எக்ஸ்1ஐ நாமே கையால் ஏற்றலாம். லெட்ஸ் என்க்ரிப்டின் சொந்தத் தளத்திலிருந்து வேறொரு போனில் இறக்கி, மெமரி கார்டில் போட்டுக் கொண்டுவந்து, அமைப்புகள், பாதுகாப்பு, 'சேமிப்பகத்திலிருந்து நிறுவு'. ஆண்ட்ராய்டு 7 முதல், நாம் ஏற்றியதைச் செயலிகள் பொதுவாக மதிப்பதில்லை, 6 மதிக்கும். கிழவனாக இருப்பதில் இப்படி ஒரு சௌகரியம். ஆனால் வாட்ஸ்அப்பில் யாராவது 'இதை ஏற்று' என்று அனுப்பினால் தொடவே தொடாதீர்கள். பட்டியலில் ஏறியவர் எந்தத் தளத்துக்கும் ஜாமீன் போடலாம், உங்கள் வங்கி உட்பட.

ஒரு நிபந்தனை: சான்றிதழ் ஏற்ற போனுக்குப் பூட்டு வேண்டும். அண்ணன் பின் நம்பர் வைக்க மாட்டேன் என்று அரை மணி நேரம் சண்டை போட்டார். "எம் போனை எவன்டா எடுக்கப் போறான்?" அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்து, கதவுக்கு மட்டும் பூட்டு எதற்கு என்று கேட்ட பிறகுதான் இறங்கி வந்தார். நான்கு எண், நிறுவு, சரி. பக்கம் திறந்தது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விலையைப் பார்த்தார்.

"இதுக்குத் தொறக்காமயே இருந்திருக்கலாம்."

மெமரி விஷயம் அடுத்த வாரம். அவர் போனில் மிச்சம் இருப்பது 140 எம்.பி. அதுவரை தயவுசெய்து யாரும் அவருக்குக் காலை வணக்கப் படம் அனுப்ப வேண்டாம்.

(தொடரும்)