நெசவுச் சித்திர மென்பொருளும் நமது சங்கங்களும்

சென்ற ஓராண்டு காலமாக நாம் பார்வையிடச் சென்ற நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில், நிர்வாகக் குழுவினர் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “டிசைன் போடக் கணினியும் மென்பொருளும் வாங்கலாம் என்றிருக்கிறோம். நான்கு கம்பெனியார் வந்து காட்டிவிட்டுப் போனார்கள். நால்வரும் தத்தம் சரக்கே உயர்ந்தது என்கிறார்கள். எதை வாங்குவது?” என்பதே அது. கேள்வி நியாயமானது. செலவாகப் போவது அங்கத்தினர்களின் பங்குப் பணம். தவறான பொருளை வாங்கிவிட்டால் தறி நிற்கப்போவதும் அங்கத்தினர் வீட்டில்தான். ஆகவே இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் வேலை இன்னதென்று பார்ப்போம். ஜக்கார்டுப் பெட்டியில் ஒவ்வொரு கொக்கியும் பாவு இழையைத் தூக்குகிறது அல்லது விட்டுவிடுகிறது, இரண்டே நிலைதான். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டையில் துளை இருந்தால் கொக்கி எழும், இல்லையேல் எழாது. பிரான்ஸ் தேசத்து ஜக்கார்டு என்பவர் 1804இல் அமைத்த ஏற்பாடு இதுவே. கட்டத்தாளில் சித்திரக்காரர் சிவப்பு மையால் நிரப்பும் ஒவ்வொரு கட்டமும் ஒரு கொக்கியும் ஓர் ஊடையும் சந்திக்கும் இடமாகும். கணினித் திரையில் அக்கட்டமே ஒரு புள்ளியாகிறது. இதற்கு மேல் இதில் மாயம் ஒன்றுமில்லை.

இப்பொழுது ஒரு கணக்குப் போடுவோம். கரைக்கு 240 கொக்கிப் பெட்டி; கொக்கிக்கு ஓர் இழை; அங்குலத்துக்கு 100 பாவு, 80 ஊடை என்று வைத்துக்கொள்வோம். 4 அங்குல உயரமுள்ள கரைச் சித்திரத்துக்கு 320 அட்டைகள் வேண்டும். ஆக மொத்தச் சித்திரமும் 240க்கு 320, அதாவது 76,800 கட்டங்களே. இன்று கைபேசியில் பிடிக்கும் சாதாரணப் படமொன்றில் ஒரு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள் உண்டு. கரை, புட்டா, முந்தி ஆகியவற்றோடு நிற்கும் சங்கத்துக்கு மிகப் பெரிய கணினி வேண்டும் என்று யாரேனும் சொன்னால், இந்தக் கணக்கை அவர் முன் வைத்து விளக்கம் கேளுங்கள். 2,688 கொக்கிகள் கொண்ட மின்னணு ஜக்கார்டில் உடல் முழுவதும் சித்திரம் போடும் சங்கங்களின் விஷயம் வேறு.

அதே கணக்கில் மற்றொரு சங்கதியும் அடங்கியிருக்கிறது. ஓர் அங்குல வட்டம் வேண்டுமானால் குறுக்கே 100 கட்டமும் நெடுக்கே 80 கட்டமும் போட வேண்டும். திரையில் வட்டமாகத் தெரிகிறதே என்று நூற்றுக்கு நூறாகப் போட்டால், துணியில் அது ஓர் அங்குல அகலமும் ஒன்றேகால் அங்குல உயரமுமாக நீண்டுவிடும். அன்னப்பட்சி கொக்காகிவிடும். பழைய சித்திரக்காரர்கள் பாவு ஊடைக் கணக்குக்கேற்ற கட்டத்தாளை எடுத்து வரைந்தது இதற்காகத்தான். நெசவுக்கென்றே செய்யப்பட்ட மென்பொருள்கள் பாவு எண்ணையும் ஊடை எண்ணையும் முதலில் கேட்டு, அவ்விகிதப்படியே கட்டங்களைக் காட்டும். பொதுவான படம் வரையும் மென்பொருள்களில் இதை நாமே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

சந்தையில் உள்ளவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, படத்துக்கும் அச்சுக்கும் உரியவை: போட்டோஷாப், கோரல்டிரா, இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் முதலியன. இவற்றுள் கோரல்டிரா கோடுகளை ஆதாரமாகக் கொண்டது, கட்டங்களை அன்று. விலைச்சீட்டு, பெட்டி, விளம்பரத்தாள் ஆகியவற்றுக்கு மிகவும் ஏற்றது. (மஞ்சள், வெல்லம் ஆகியவற்றைப் பொட்டலமிட்டு விற்கும் விவசாயச் சங்கத்தார் இதுவரை பொறுமையாகப் படித்திருந்தால், அவர்களுக்கு வேண்டியது இவ்வகையே, நெசவு மென்பொருளுக்கு அவர்கள் ஒரு காசும் செலவிட வேண்டியதில்லை.) போட்டோஷாப்பும் கிம்ப்பும் புள்ளிகளைக் கையாள்பவை ஆகையால், தேர்ந்த கையால் அவற்றிலும் ஜக்கார்டுச் சித்திரம் போடலாம், பலர் போட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். ஆனால் ஓர் அபாயம் உண்டு. இவை படத்தின் விளிம்பை அழகாகக் காட்டும்பொருட்டுச் சிவப்புக்கும் வெள்ளைக்கும் இடையே இளஞ்சிவப்புப் புள்ளிகளைத் தாமாகவே இட்டுவிடும். கொக்கிக்குப் பாதி எழும்பத் தெரியாது! அட்டை குத்துபவர் அந்தப் புள்ளியில் துளையிடுவதா வேண்டாமா என்று திகைப்பார். அந்த வசதியை நிறுத்திவிட்டு, நிறங்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி வேலை செய்யப் பழக வேண்டும்.

இரண்டாம் வகை, நெசவுக்கென்றே விற்கப்படுபவை. நெதர்லாந்தில் தோன்றிய நெட்கிராபிக்ஸ், ஸ்லோவேனியா நாட்டின் அராவீவ், நம் நாட்டு டெக்ஸ்ட்ரானிக்ஸ் கம்பெனியின் மென்பொருள்கள் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. இவை கட்டுகளைத் தாமே நிரப்பும். கட்டு விழாமல் நீளமாக மேலே கிடக்கும் இழையைக் கண்டுபிடித்துச் சொல்லும். நூலின் நிறத்தையும் பருமனையும் கொடுத்தால் துணி எப்படி இருக்கும் என்று திரையில் காட்டும். நீள இழையைக் காட்டிக் கொடுக்கும் வசதி ஒன்றே பெரிய உபகாரம். ஜரிகை முக்கால் அங்குலம் கட்டில்லாமல் கிடந்தால் முதல் வாரத்திலேயே வளையலில் மாட்டி அறுந்துவிடும். சேலை கடைக்குத் திரும்பி வரும். கடையிலிருந்து சங்கத்துக்கு வரும். ஆனால் இவை ஆலைகளையும் மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை. அவற்றில் உள்ள பல பகுதிகள் நமது சங்கங்களுக்கு ஒருநாளும் பயன்படா. கம்பெனியார் பகுதி பகுதியாக விற்கத் தயாராயிருந்தால் வேண்டியதை மட்டும் கேட்டு வாங்குவதே முறை.

மூன்றாவது, டிஜிபுனாய். மத்திய சர்க்காரின் மின்னணுவியல் அமைச்சகத்தைச் சேர்ந்த டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன், கைத்தறி நெசவாளர்களுக்கென்றே செய்த மென்பொருள் இது. விலை கிடையாது, மூலநிரலும் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. டாபிக்கும் ஜக்கார்டுக்கும் உரிய சித்திரங்களை இதில் போடலாம். இலவசம் என்பதாலேயே இதை அலட்சியம் செய்கிறவர்களையும், இலவசம் என்பதாலேயே வேறெதையும் பார்க்க மறுப்பவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். இரண்டும் சரியன்று. மென்பொருள் இலவசமானாலும் அதைக் கற்கும் நாட்களுக்குச் சித்திரக்காரருக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஓர் ஆளும் வேண்டும். நமது கருத்தைக் கேட்டால், முதன்முதலாகக் கணினியில் இறங்கும் சங்கம் இதிலிருந்தே தொடங்குவது நலம். இதில் ஆறு மாதம் பழகியவருக்கு, விலை கொடுத்து வாங்குவதானால் எந்த வசதிக்காக வாங்குகிறோம் என்பது தெளிவாகிவிடும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே தடவை கொடுத்து வாங்குவது வேறு, சந்தா வேறு. போட்டோஷாப்பின் புதிய பதிப்புகள் 2013 முதல் சந்தா முறையிலேயே வழங்கப்பட்டு வருகின்றன. மாதம் ரூ. 4,000 சந்தா என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் ஐந்தாண்டில் ரூ. 2,40,000 ஆகிறது. ஐந்தாண்டு முடிவில் ஆஸ்திக் கணக்கில் எழுத ஒன்றும் இராது. சந்தா நின்ற நாளில் மென்பொருளும் நின்றுவிடும். கணினியையும் இத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்குரிய வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. அலுவலகத்துப் பழைய கணினியிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று கணக்கிடும் சங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமென்று நாம் கருதுவது வேறொன்று. ஒரு சங்கத்தில் நாம் நேரில் கண்டது. சில ஆண்டுகளுக்கு முன் நல்ல விலை கொடுத்து ஒரு மென்பொருள் வாங்கியிருந்தார்கள். அது டாங்கிள் எனப்படும் சிறு பூட்டுக்கட்டையைச் சொருகினால்தான் திறக்கும். சித்திரம் போட்டுவந்த இளைஞர் வேறு ஊருக்கு வேலைக்குப் போனார். பிறகு கணினி பழுதாயிற்று. பூட்டுக்கட்டையைத் தேடினால் கிடைக்கவில்லை. விற்றவர்கள் புதுப்பிக்கப் புதுக் கட்டணம் கேட்டார்கள். சங்கத்தின் நூற்றுக்கு மேற்பட்ட சித்திரங்கள் தகட்டில் பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால் அம்மென்பொருளன்றி வேறெதுவும் அவற்றைத் திறக்க மறுத்தது. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கையில், நன்றாக விற்றுவந்த ஒரு கரையின் அட்டை நைந்துபோயிற்று. பெரியவர் ஒருவர் பழைய சேலையை மடியில் போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடி வைத்து இழை இழையாக எண்ணிக் கட்டத்தாளில் ஏற்றினார். பத்தொன்பது நாட்கள் ஆயின. அத்தனை நாட்களும் பதினோரு தறிகள் நின்றன. பண்டிகை முன்பணம் வாங்கியிருந்த வீடுகளில் அந்த நாட்கள் எப்படிப் போயின என்பதை நாம் எழுத வேண்டியதில்லை.

கூலி கொடுத்துச் செய்வித்த சித்திரத்துக்குச் செய்வித்தவரே உரியவர் என்பது 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின் நிலை. பதிவு செய்தால் பத்தாண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்தாண்டும் பாதுகாப்பு உண்டு. ஆனால் திறக்க முடியாத கோப்புக்கு உரிமையாளராயிருந்து என்ன பயன்? ஆகவே விலை பேசும்போதே கேளுங்கள்: முடித்த சித்திரத்தைப் பிஎம்பி போன்ற பொது வடிவில் வெளியே எடுக்க முடியுமா? நம்மூரில் அட்டை குத்துபவரின் இயந்திரம் அதை ஏற்குமா? எடுத்த கோப்பை வேறொரு மென்பொருளில் உங்கள் எதிரிலேயே திறந்து காட்டுவார்களா? மழுப்புகிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டா.

விளக்கக் காட்சியை நம்பி முடிவு செய்வதும் கூடாது. அவர்கள் கொண்டுவரும் மயிலும் யானையும் அவர்கள் வீட்டில் பல நாள் பழகியவை. சங்கத்தின் பழைய மாங்காய்ப் புட்டா ஒன்றை எடுத்து, எல்லா மென்பொருளிலும் அதையே போடச் சொல்லுங்கள்; கம்பெனி ஆள் அன்று, உங்கள் சித்திரக்காரரே போட வேண்டும். எத்தனை நாள் ஆயிற்று என்று எழுதி வையுங்கள். பிறகு அட்டை குத்தி, தறியில் மெய்யான ஜரிகையில் நெய்து, பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். நெய்தவரின் அபிப்பிராயத்தைத் தீர்மானப் புத்தகத்தில் பதியுங்கள். காஞ்சிபுரம், சேலம், சென்னை ஆகிய இடங்களில் உள்ள நெசவாளர் சேவை மையங்களிலும் ஆலோசனை கேட்கலாம்.

மேற்சொன்ன சங்கம் இப்பொழுது டிஜிபுனாயில் வேலை செய்கிறது. கணினியின் முன் உட்கார்ந்திருப்பவர் சேலையை எண்ணிய அதே பெரியவர். எலியைப் பிடிக்கப் பழக ஒரு மாதமாயிற்று என்கிறார். மாதக் கடைசியில் எல்லாச் சித்திரங்களையும் பிஎம்பியாக இரண்டு தகடுகளில் ஏற்றி, ஒன்றை அலுவலகப் பீரோவிலும் மற்றொன்றைத் தலைவர் வீட்டிலும் வைக்கிறார்கள். சென்ற பார்வையிடலின்போது இரண்டையும் திறந்து பார்த்தோம்; திறந்தன.