பித்தளை பழசு, ரப்பர் புதுசு

பழைய புல்லட்டோ யெஸ்டியோ வைத்திருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "கார்புரேட்டர் கிளீன் பண்ண எந்த ஸ்ப்ரே சார் நல்லது?" என்றுதான். ஸ்ப்ரே கடைசியாக வாங்கவேண்டிய சாமான். அதற்கு முன்னால் வாங்கவேண்டியவை ஏழெட்டு இருக்கின்றன. அவையெல்லாம் மேசைக்கு வந்து சேரும்வரை கார்புரேட்டரைக் கழற்றவே கூடாது என்பது என் கட்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் உற்சாகமாகக் கழற்றிப் போடுவார்கள். ஒரு ஓ-ரிங் கிழிந்திருக்கும், கடை பூட்டியிருக்கும். மறுநாள் ஆபீஸ். வாரக் கடைசியில் திரும்பிப் பார்த்தால் ஸ்க்ரூ இரண்டைக் காணோம். அப்புறம் எல்லாவற்றையும் பாலிதீன் பையில் போட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோய், "நீங்களே மாட்டிக் கொடுத்துருங்க" என்று நிற்பார்கள்.

நான் மெக்கானிக் இல்லை. கோவையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்க்ரூ கேஜ், ஸ்டாப் வாட்ச், அளவு ஜாடி என்று பழகிய கை; எதையும் அளக்காமல் நம்பாது. வீட்டில் இதற்குப் பெயர் பிடிவாதம்.

கார்புரேட்டர் செய்யும் வேலை சுலபமானது. எஞ்சின் காற்றை இழுக்கிறது. அந்தக் காற்று ஒரு குறுகலான வழியில் வேகமெடுக்கிறது; வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு, கீழே கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலைச் சின்னத் துளைகள் வழியாக மேலே இழுத்துக் காற்றோடு கலக்கிறது. அந்தத் துளை போட்ட பித்தளைத் துண்டுகள்தான் ஜெட். வண்டி ஐடிலில் நிற்கப் பைலட் ஜெட், முழு ஆக்சிலேட்டருக்கு மெயின் ஜெட், இரண்டுக்கும் நடுவே ஏறி இறங்கும் ஓர் ஊசி. கிண்ணத்தில் பெட்ரோல் ஒரே மட்டத்தில் நிற்க, இன்னொரு சின்ன ஊசியால் வழியை மூடித் திறக்கும் ஃப்ளோட் இருக்கிறது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் பந்து வால்வு செய்யும் அதே வேலை. இதைத் தெரிந்துகொண்டால் எந்தச் சாமான் வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும். ஐடிலில் நிற்காமல் அணைகிறதா, பைலட் ஜெட்டைப் பாருங்கள். வண்டி நிற்கும் இடத்தில் பெட்ரோல் சொட்டுகிறதா, ஃப்ளோட் ஊசி. சும்மா எல்லாவற்றையும் மாற்றவேண்டியதில்லை.

அடுத்தது, உங்களிடம் இருப்பது எந்தக் கார்புரேட்டர் என்பது. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. அதே ஆண்டுதான் பர்மிங்ஹாம் ஆமல் கம்பெனி 'மோனோப்ளாக்' என்ற கார்புரேட்டரைக் கொண்டுவந்தது. பழைய புல்லட்டுகளில் பார்ப்பது அந்த வகை. பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், டிக்லர் என்பார்கள். காலையில் அதை அழுத்தி, விரலில் பெட்ரோல் ஈரம் பட்டதும் உதைத்தால் பிடித்துக்கொள்ளும். பிறகு ஜப்பான் மிக்குனியின் கூட்டோடு இங்கேயே தயாரான 'மிக்கார்ப்' வந்தது. மைசூரில் ஜாவா தயாராகத் தொடங்கியபோது அதில் இருந்தது செக் நாட்டு ஜிக்கோவ். ராஜ்தூத் 350 வைத்திருப்பவர்களுக்கு இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். இந்தக் கட்டுரையில் வரும் எல்லாவற்றையும் அவர்கள் இரண்டிரண்டாக வாங்கவேண்டும். அனுதாபங்கள்.

எந்த வகை என்று கார்புரேட்டரின் உடம்பிலேயே வார்த்திருக்கும். அழுக்கைத் துடைத்துப் படித்து, போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஏனென்றால் ஒரு கம்பெனி எண் இன்னொரு கம்பெனிக்குச் செல்லாது. ஆமல் ஜெட்டில் போட்டிருக்கும் எண், நிமிடத்துக்கு எத்தனை கன சென்டிமீட்டர் பெட்ரோல் பாயும் என்ற கணக்கு. கீஹின் கம்பெனி ஜெட்டில் அது துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காக. "ரெண்டுமே நூறுதானே சார்" என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

இனி கிட் விஷயம். சென்னை ஜி.பி. ரோட்டிலும் ஆன்லைனிலும் 'கார்புரேட்டர் ரிப்பேர் கிட்' என்று பாக்கெட்டில் கிடைக்கிறது. மெயின் ஜெட், பைலட் ஜெட், ஊசி, ஃப்ளோட் ஊசி, ஓ-ரிங், கேஸ்கெட் எல்லாம் பளபளவென்று இருக்கும். நம் ஆட்கள் பழைய ஜெட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதை மாட்டுவார்கள். எனக்கு இதுதான் தாங்காது. பழைய ஜெட் அசல். கம்பெனி துளைத்து, பாய்ச்சல் பார்த்து அனுப்பியது. அடைத்துக்கொண்டிருக்கிறதே தவிர, யாரும் கம்பி விட்டுக் குடையாதவரை அதன் துளை பெரிதாகப் போவதில்லை.

நான் செய்யும் சோதனை இது. ஒரு புனலின் அடியில் ரப்பர் குழாயை மாட்டி, அதன் நுனியில் ஜெட்டைச் செருகுவேன். புனலில் மண்ணெண்ணெய் எப்போதும் ஒரே கோட்டில் நிற்கும்படி ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். உயரம் மாறினால் வேகமும் மாறிவிடும். கீழே அளவு ஜாடி. நூறு மில்லி நிரம்ப எத்தனை விநாடி என்று ஸ்டாப் வாட்சில் பார்ப்பேன். முதலில் சுத்தம் செய்த பழைய ஜெட், பிறகு அதே எண் போட்ட கிட் ஜெட். இரண்டும் ஒரே நேரம் எடுத்தால் கிட் நல்ல கிட். என்னிடம் வந்த மலிவான கிட்டுகளில் பல, பழையதைவிட வேகமாகவே ஜாடியை நிரப்பின. அப்படிப்பட்ட ஜெட் வண்டிக்குப் போனால் பிளக் கரிபிடிக்கும், மைலேஜ் போகும். உரிமையாளர் 'புதுசு போட்டும் சரியாகலையே' என்று மெக்கானிக்கைத் திட்டுவார்.

பித்தளையில் தேய்வது ஒரே ஜோடி: நடுவில் ஏறி இறங்கும் ஊசியும், அது நுழையும் நீடில் ஜெட்டும். எஞ்சின் அதிர்வில் ஊசி உரசி உரசித் துளை நீள்வட்டமாகிவிடும். அதை மட்டும் புதிதாக வாங்கலாம், அதுவும் நல்ல இடத்தில். ஆமலுக்கு இன்றும் இங்கிலாந்தில் அசல் பாகங்கள் செய்கிறார்கள், விலை கடிக்கும். இல்லையென்றால் பழைய ஸ்டாக் தேடவேண்டும். எங்கோ ஒரு சிறு ஊர் ஸ்பேர்ஸ் கடையில், மேல்தட்டில், மஞ்சளாகிப்போன அட்டைப்பெட்டியில் இன்னும் கிடக்கிறது. புதுப்பேட்டையில் உடைத்த வண்டியின் கார்புரேட்டரை முழுசாக வாங்கி, உள்ளேயிருக்கும் ஜெட்டை எடுத்துக்கொள்வதும் உண்டு.

ஆனால் பழைய ஸ்டாக் ரப்பரை மட்டும் இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பெட்டி திறக்கப்படாமலேயே இருந்தாலும் ரப்பருக்கு வயசாகிறது. முப்பது வருஷம் கிடந்த ஓ-ரிங்கை மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரியும். தவிர, அது செய்யப்பட்ட காலத்துப் பெட்ரோல் வேறு. 2022இல் பெட்ரோலில் எத்தனால் பத்து சதவீதம் ஆனது, இப்போது இருபது. எத்தனால் சாதாரண ரப்பரை ஊறவைக்கிறது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. ஈரம் மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலுமாகப் பிரிந்து அடியில் தங்கும். கிண்ணத்தின் அடியில்தானே மெயின் ஜெட் இருக்கிறது! துத்தநாகக் கலவையில் வார்த்த உடம்பில் வெள்ளைப் பொடி பூப்பதும், ஜெட்டில் பச்சை ஏறுவதும் இதனால்தான். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தும் வண்டிகளில் இது இன்னும் மோசம்.

ஆகவே காசை ரப்பரில் போடுங்கள். அதற்கு வண்டிக் கடைக்கே போகவேண்டாம். எங்கள் ஊர் பம்புசெட் ஊர் என்பதால் ஆயில் சீலும் ஓ-ரிங்கும் மட்டுமே விற்கும் கடைகள் உண்டு. சுவர் முழுக்கக் கம்பியில் வளையம் வளையமாகத் தொங்கும்.

"எந்த வண்டிக்குங்க?"

"வண்டி பேரு வேண்டாங்க, அளவு எழுதிக் கொண்டாந்திருக்கேன். பெட்ரோலுக்கு."

"பெட்ரோலுக்குன்னா வைட்டான் போட்டுக்குங்க சார். சாதா போட்டா ஊறி உப்பீரும். சாம்பிள் இருக்குதுங்களா?"

சாம்பிள் எப்போதும் இருக்கவேண்டும். ஆனால் ஊறி உப்பிய பழைய ரிங்கை அளந்தால் அளவு பொய் சொல்லும். ரிங் உட்காரும் பள்ளத்தை வெர்னியரில் அளந்து, உள்விட்டமும் கனமும் எழுதிக்கொண்டு போவதே சரி. வைட்டான் பழுப்பிலும் வரும், கருப்பிலும் வரும். நிறத்தைப் பார்த்து ஏமாறவேண்டாம், கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் கூடுதலாக இரண்டு. விலை பெரிதில்லை. பெட்ரோல் டியூபையும் அப்போதே மாற்றிவிடலாம்.

கேஸ்கெட்டுக்கு ஷீட்டாக வாங்குவது லாபம். அதைக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்து, சின்ன உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரம் முழுக்க மெல்லத் தட்டினால் உலோக விளிம்பே காகிதத்தை வெட்டிவிடும். துளைகளுக்கும் அதே தட்டுதான். கேஸ்கெட்டுக்குப் பதிலாகச் சிலிக்கான் பசை தடவும் வழக்கம் ஒன்று இருக்கிறது. பெட்ரோல் பட்டு அது இழை இழையாகப் பிய்ந்து நேரே ஜெட்டுக்குள் போகும்.

ஸ்க்ரூவுக்கு வருவோம். ஜப்பான் வழிக் கார்புரேட்டர்களில் ஸ்டார் ஸ்க்ரூவின் தலை ஜப்பானியத் தரத்தில் வெட்டியது. நம் வீட்டு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுசாக இறங்காது. அழுத்தித் திருகினால் நழுவித் தலையை மழுக்கிவிடும். ஜே.ஐ.எஸ். என்று கேட்டு ஒன்று வாங்கி வைத்தால் ஆயுளுக்கும் போதும். ஆமலில் இருப்பது பிரிட்டிஷ் மரை. மில்லிமீட்டர் ஸ்க்ரூவைத் திணித்தால் உடம்பின் மரை போய்விடும்.

சுத்தம் செய்யும் சாமான்களில் முக்கியமானது கம்பி. பட்டறையில் கிளட்ச் கேபிள் இழை ஒன்றைப் பிரித்து ஜெட்டில் விட்டு இழுப்பார்கள். எஃகு, பித்தளையைக் கீறும். நான் எலக்ட்ரிகல் கடையில் 23/36 என்று சொல்லும் ஃப்ளெக்ஸிபிள் வயரை ஒரு மீட்டர் வாங்குவேன். 36 கேஜ் செம்பு இழைகள் இருபத்து மூன்று உள்ளே இருக்கும், ஒவ்வொன்றும் 0.19 மில்லிமீட்டர் கனம். பைலட் ஜெட்டுக்கு அது போதும், செம்பு பித்தளையைவிட மெத்து. அதுவும் ஊறவைத்தும் அடைப்பு விடாதபோது மட்டும்.

ஊறவைக்கப் புளித்தண்ணீர் கேலிக்குரியதல்ல. பச்சை ஏறிய ஜெட்டை அதில் கொஞ்ச நேரம் போட்டு, நன்றாகக் கழுவி உலர்த்தினால் பித்தளை வெளுத்துவிடும். ஆனால் ஜெட்டுக்கு மட்டும். உடம்பைப் புளியிலோ எலுமிச்சையிலோ போட்டால் அமிலம் துத்தநாகத்தைத் தின்னும். உடம்புக்கு ஸ்ப்ரேதான், ரப்பரும் பிளாஸ்டிக் ஃப்ளோட்டும் எல்லாம் வெளியே எடுத்த பிறகு. அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்: ஒரு துளையில் அடித்தால் இன்னொரு துளை வழியாக நேரே கண்ணுக்கு வரும். அது எங்கே வெளியே வருகிறது என்பதைத்தான் பார்க்கவும் வேண்டும். வராத துளை அடைப்பு. சமையலறையிலும் பூஜை விளக்குக்குப் பக்கத்திலும் இந்த வேலை வேண்டாம்.

கழற்றியவற்றைப் போட ஒரு பழைய இட்லித் தட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், திருப்பித் தரமுடியாது என்று முன்கூட்டியே சொல்லி. அடியில் துளை இல்லாத தட்டாக இருக்கட்டும். ஒரு குழிக்கு ஒரு பாகம், கழற்றிய வரிசையிலேயே. ஐடில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவைக் கழற்றுமுன் அதை உள்ளே முழுக்க மூடி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவிடுங்கள்.

மாட்டிய பிறகு வேண்டியது, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒரு முழம். கிண்ணத்தின் அடியில் வடிகால் நட் இருந்தால், மாட்டி முடித்ததும் அங்கே டியூபைப் பொருத்தி மேல்நோக்கி வளைத்துப் பிடித்துப் பெட்ரோலைத் திறந்துவிடுங்கள். உள்ளே எந்த மட்டத்தில் பெட்ரோல் நிற்கிறதோ அதே மட்டம் டியூபில் தெரியும். கிண்ணத்தின் விளிம்புக்குக் கீழே ஏறி நின்றுவிட்டால் ஊசி மூடுகிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் பெட்ரோலை மூடிவிட்டு, ஃப்ளோட் ஊசியை மறுபடி வெளியே எடுத்து அதன் முனையில் வளையமாகத் தழும்பு விழுந்திருக்கிறதா என்று லென்சில் பாருங்கள்.