கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறது?

2022 ஜூலை 17. கள்ளக்குறிச்சி அருகே கனியாமூரில் தனியார் பள்ளி ஒன்று சூறையாடப்பட்டது, பேருந்துகள் எரிந்தன. அதன்பின் காவல்துறை வீடியோவையும் புகைப்படங்களையும் வைத்துக்கொண்டு முகம் முகமாகத் தேடி நூற்றுக்கணக்கானோரைக் கைது செய்தது. படம் இருந்தால் ஆளைப் பிடிப்பது அவர்களுக்குக் கடினமில்லை.

அந்தப் படத்தில் இருப்பவர் அரசின் ஆளாக இருந்தால்?

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசும் வனத்துறையும் சேர்ந்த சிறப்புப் படை 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்டக் கல்வராயன், சித்தேரி, ஜவ்வாது மலைகளில் கூலிக்கு ஆள் பிடிப்பது புரோக்கர்களுக்குப் பழகிய தொழில். இறந்தவர்களிலும் ஜவ்வாது, சித்தேரி மலைக்காரர்கள் பலர். செம்மரம் வெட்டியவர்களைத் தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். ஆனால் நாளிதழ்ப் படங்களில், உடல்களின் பக்கத்தில் கிடந்த கட்டைகள் மேல் பழைய பெயிண்ட் தெரிந்தது. அப்போதுதான் வெட்டிய மரத்தில் பெயிண்ட் எப்படி வந்தது? அந்தக் கேள்வியைப் படங்கள் எழுப்பின. சுட்டவர் யார் என்பதை மட்டும் அவை சொல்லவில்லை.

தூத்துக்குடியில் அதையும் சொன்னது கேமரா. 2018 மே 22, ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டம்: மஞ்சள் டி-ஷர்ட் போட்ட காவலர் ஒருவர் வேன் கூரை மேல் துப்பாக்கியோடு குறிபார்த்த காட்சியை நாடே பார்த்தது. அந்தத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 17 காவல்துறையினர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்ததே 2022 அக்டோபரில்தான். ஊரறிந்த முகத்துக்கே இந்த வேகம்.

சித்தேரி மலையடிவார வாச்சாத்தியில் 1992-இல் படம் எடுக்க யாருமில்லை. வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களின் நினைவும் வாய்மொழியும்தான் சாட்சி. குற்றம்சாட்டப்பட்ட அரசுத் துறையினர் 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் 2011-இல் தண்டிக்கப்பட்டார்கள். ஆனால் அதற்கு 19 ஆண்டுகள் ஆயின.

சாத்தான்குளத்தில் கேமரா காவல் நிலையத்துக்குள்ளேயே இருந்தது. 2020-இல் அங்கே போலீஸார் தாக்கிய ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் இறந்தபின் மாஜிஸ்திரேட் போய்ப் பார்த்தபோது பதிவு எதுவும் இல்லை. தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

2025 ஜூன் இறுதியில் திருப்புவனம் அருகே மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் விசாரணையில் இறந்தார். கழிவறைக்குள் ஒளிந்திருந்த ஒருவர் போனில் எடுத்த சில நொடி வீடியோவில், காவலர்கள் அவரை அடிப்பது பதிவாகியிருந்தது. அது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. வழக்கு சிபிஐ கைக்கு மாறியது. எடுத்தவரோ தனக்குப் பாதுகாப்பு கேட்க வேண்டிய நிலை.

இப்படி ஒரு காட்சி உங்கள் போனில் பதிவானால், வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அசலை அழித்துவிடாதீர்கள். வெட்டாமல், திருத்தாமல் அதே போனில் வைத்திருங்கள்; தாமதிக்காமல் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் இல்லாவிட்டால், அந்த வீடியோவின் நகலை நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்க வைப்பது சிரமம்.